தடவினால் கால் வளையும், அப்புறம்?

குமரிக் கடற்கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள கால்பந்து கிளப் செயலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும், இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் பி.டி. சார்களுக்கும் டீச்சர்களுக்கும்,

வணக்கம்.

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் கர்க்கடகச் சிகிச்சை விளம்பரம். அவர்களின் கர்க்கடகம், அதாவது நம் ஆடி, பிறக்கப் போகிறது. மழை ஈரத்தில் உடம்பு இளகும், எண்ணெய் நன்றாகப் பிடிக்கும் என்று மலையாளிகள் அந்த ஒரு மாதத்தை உழிச்சில் என்கிற எண்ணெய்த் தடவலுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களும் இந்த வருஷம் அதில் சேர்ந்துகொண்டன. கிளப்புகள் கூடிப் பேசி, 19 வயதுக்குட்பட்ட பையன்கள் எல்லோருக்கும் 14 நாள் உழிச்சில் என்று முடிவெடுத்திருக்கிறீர்களாம். செலவுக்கு ஊரில் பிரிவு போட்டுப் பணம் திரட்டப் போகிறீர்களாம்.

காரணமும் காதுக்கு வந்தது. போன சீசனில் பின்தொடை பிடித்து உட்கார்ந்த பையன்களைக் கைவிரலில் எண்ணி முடிக்க முடியாது. "காலெல்லாம் இறுகிக் கெடக்கு. வளைஞ்சு குடுத்தா கிழியாது." இதுதான் உங்கள் கணக்கு.

கணக்கின் முதல் வரி சரி. தடவினால் கால் வளையும். இரண்டாவது வரியில்தான் எனக்குத் தகராறு.

நான் யார் இதைச் சொல்ல? குழித்துறைப் பக்கம் 17 வருஷமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். உங்கள் பையன்களில் பலரின் பின்தொடை எனக்கு அவர்கள் முகத்தை விட நன்றாகத் தெரியும். என் அம்மாவின் அப்பா, எங்கள் பாட்டா, அடிமுறை என்கிற தற்காப்புக் கலையின் ஆசான். வீட்டுத் திண்ணையில் தைலக் குப்பிகள் வரிசையாக நிற்கும். எண்ணெய்க் கை எனக்கு அவரிடமிருந்து வந்தது, கோணம் அளக்கும் பழக்கம் காலேஜில் வந்தது. அதனால் தடவலைக் கேவலமாகப் பேசும் ஆள் நானில்லை. தடவல் என்ன தரும், என்ன தராது என்று இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

முதலில் சமாச்சாரம் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிடலாம். இதை வாசிக்கும்போது நாற்காலியில்தான் இருப்பீர்கள். குதிகாலைத் தரையில் பதித்து, காலைப் பின்னால் இழுப்பது போல அழுத்துங்கள். இப்போது முட்டிக்குப் பின்னால் கை வையுங்கள். வெளிப்பக்கம் ஒரு கயிறு, உள்பக்கம் இரண்டு கயிறு எழும்பி நிற்கும். அவை பின்தொடைத் தசைகளின் நாண்கள். ஹாம்ஸ்ட்ரிங் என்று பையன்கள் சொல்வது இந்த மூன்றையும் சேர்த்துத்தான். மேலே அவை பிடித்துக்கொண்டிருப்பது நாம் உட்காரும்போது பலகையில் முட்டுகிற எலும்பை. கீழே முட்டியையும் தாண்டிக் கணைக்கால் எலும்பில் போய்ச் சேர்கின்றன. இடுப்பு, முட்டி என்று இரண்டு மூட்டைத் தாண்டும் தசை. வெளிப்பக்கத் தசையின் குட்டைத் தலை ஒன்று மட்டும் தொடை எலும்பிலிருந்தே கிளம்பும், அதை விடுங்கள்.

கிழிவது பெரும்பாலும் வெளிப்பக்கத் தசையின் நீளத் தலை. எப்போது கிழியும்? முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால். அந்தக் கணத்தில் கணைக்கால் முன்னால் பறந்து போகப் பார்க்கும். பின்தொடை அதைப் பிடித்து நிறுத்தும். நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டிய வேலை. வலை இழுக்கிறவனுக்கு இது தெரியும். கயிறு கையை விட்டு வழுக்கி ஓடும்போது அதைப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம், சும்மா இழுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

சரி, தடவல் விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் உங்களில் ஒரு கிளப்பின் பையன்களிடம் ஒரு வேடிக்கை செய்து காட்டினேன். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் தார்ப்பாய் விரித்து, ஒரு பையனை மல்லாக்கப் படுக்க வைத்தேன். தொடையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, முட்டியை நீட்டு என்றேன். நீட்டினான். ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மொபைலில் சாய்மானம் காட்டும் ஆப் இருக்கிறது, அதைக் கணைக்காலில் வைத்துப் பார்த்தோம். முழுதாக நேராக இன்னும் 34 டிகிரி பாக்கி. எங்கள் தொழிலில் இந்தச் சோதனை 1983 முதல் புழக்கத்தில் உண்டு. 20 டிகிரிக்கு மேல் பாக்கி இருந்தால் இறுக்கம் என்று பொதுவாக எழுதிக்கொள்வோம்.

அப்புறம் நான் அவன் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் குழியில் இரண்டு கை விரல் நுனிகளையும் மேல்நோக்கி நிறுத்தி, அவன் தலையின் பாரத்தை அதன் மேல் விட்டேன். நாலு நிமிஷம். காலைத் தொடவே இல்லை. எண்ணெயும் கிடையாது. மறுபடி அளந்தோம். பாக்கி 27.

பையன்கள் சிரித்தார்கள். ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, கழுத்தத் தொட்டா காலு எப்படி நீளும்?"

அருமையான கேள்வி. கால் நீளவில்லை என்பதுதான் பதில். இந்தக் கழுத்து வேலை என் சொந்தச் சரக்கும் இல்லை. 2009இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். பின்தொடையின் நீளத்துக்கும் கழுத்தடியில் விரல் வைப்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இருக்க முடியாது. மாறியது வேறு ஒன்று. கால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காவல் நிற்பது தசை மட்டுமில்லை, நரம்பும் மூளையும்தான். 'போதும், இதற்கு மேல் ஆபத்து' என்று அவை சொல்கிற இடம்தான் நமக்கு இறுக்கமாகத் தெரிகிறது. உடம்பு ஆசுவாசப்பட்டால் அந்த இடம் கொஞ்சம் தள்ளிப் போகும். களியக்காவிளை செக்போஸ்ட்டை ஒரு கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போட்டால் பஸ் அவ்வளவு தூரம் கூடுதலாக ஓடும். ரோடு நீளமானது என்று யாராவது சொல்வார்களா?

டென்மார்க்கில் மேக்னஸன் என்பவரும் குழுவும் 1996இல் இதைச் சுத்தமாகச் செய்து காட்டினார்கள். ஒரு காலுக்கு மட்டும் 3 வாரம் தசையை இழுக்கும் பயிற்சி, மற்ற காலுக்கு ஒன்றுமில்லை. பயிற்சி எடுத்த கால் அதிக தூரம் போனது. ஆனால் தசையின் விறைப்பு அப்படியே இருந்தது. கூடியது தாங்கும் மனசு. 2010இல் அவரும் வெப்லரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'நீளம் கூடுகிறதா, உணர்வு மாறுகிறதா' என்கிற கேள்விதான்.

"சதையைச் சுற்றியிருக்கிற சவ்வை இளக்கிவிடுகிறோம்" என்று சொல்லும் ஆட்களும் உண்டு, எங்கள் பிசியோ கூட்டத்திலும் நிறைய. தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ள அந்தத் தடித்த சவ்வு உருமாற எவ்வளவு விசை வேண்டும் என்று 2008இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மனிதக் கையால் தாங்கும்படி கொடுக்கக்கூடிய விசைக்கு அது மசியாது என்று விடை வந்தது. பதநீர் கலயம் தொங்கும் கயிற்றைத் தேய்த்துத் தேய்த்து நீளமாக்குவேன் என்பது மாதிரி.

இதனால் தடவல் பொய் என்று ஆகிவிடாது. வலி குறைவது நிஜம், உடம்பு லேசாவது நிஜம், ராத்திரி நல்ல தூக்கம் வருவது நிஜம். வளைவு கூடுவதும் நிஜம்தான், எல்லா முறையிலும் ஒரே அளவில் இல்லை என்றாலும். 2004இல் ஒரு ஆய்வில் பின்தொடைக்கு ஒரே ஒரு முறை மசாஜ் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கால் விரலைத் தொடச் சொன்னபோது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு ஆய்வில், கால் அசைந்துகொண்டிருக்கும்போதே தசையை அழுத்தி ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் வந்தது. சும்மா படுத்திருப்பவனைத் தேய்ப்பதை விட, அவனையும் வேலையில் சேர்த்துக்கொள்ளும் முறைகள் கொஞ்சம் கூடுதலாகப் பலிக்கின்றன என்பது என் அனுபவமும்.

அப்படிப்பட்ட ஒன்றை உங்கள் பையன்களுக்கு நான் அடிக்கடி செய்வேன். மசில் எனர்ஜி டெக்னிக் என்று பெயர். அமெரிக்காவில் ஃபிரெட் மிட்செல் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் வகுத்தது. பையன் மல்லாந்து படுப்பான். நீட்டிய காலைத் தூக்கி என் தோளில் வைத்துக்கொள்வேன். இழுவை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "என் தோளைக் கீழே அமுக்கு, முழு பலம் வேண்டாம், அஞ்சில் ஒரு பங்கு போதும்" என்பேன். ஏழெட்டு வினாடி. "விடு, மூச்சை விடு." கால் தானாகவே இன்னும் கொஞ்சம் மேலே வரும். மூணு, நாலு தடவை. நியூசிலாந்துக்காரர் பிரையன் மல்லிகனின் முறையில் காலை லேசாக நீளவாக்கில் இழுத்துப் பிடித்தபடியே தூக்குவோம். அதுவும் இதே ரகம்தான், பலனும் ஏறக்குறைய இதேதான்.

முதன்முதலில் காலேஜில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டா ஒருநாள் மரம் ஏறி விழுந்தவர் ஒருவரின் காலைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, "மக்கா, கொஞ்சம் மிதி... ம், இப்ப விடு, மூச்ச விடு" என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருக்கு மிட்செலைத் தெரியாது. சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது தடவல், ஒன்பது வகை என்பார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இதில் இழுத்தலும் அசைத்தலும் இன்றைக்கு இங்கிலீஷ் பெயர் வைத்துக் காசு வாங்கும் வேலைகள்.

பாட்டாவிடம் இன்னொன்றும் இருந்தது. தடவல் முடிந்ததும் ஆளைச் சும்மா போக விடமாட்டார். எழுப்பி நிறுத்திக் கால் வீசச் சொல்வார். களரிக்காரர்களும் அப்படித்தான். நேர்கால், வீதுகால், கோண்கால், இருத்திக்கால் என்று வீசிப் பழகுகிற பிள்ளைக்கு உழிச்சிலும் அந்தப் பழக்கமும் சேர்ந்தேதான் நடக்கும். நாம் இப்போது களரியைக் கழற்றி வைத்துவிட்டு உழிச்சிலை மட்டும் பேக்கேஜாக வாங்குகிறோம். பருப்பை விட்டுவிட்டுத் தாளிப்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்வது போல.

எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பீர்கள். வள்ளத்து நிழலில் 27க்கு வந்த பையனை மறுநாள் சாயங்காலம் அளந்தேன். 33. ஒருமுறை செய்த எந்தக் கைவேலையின் வளைவும் நிமிஷக் கணக்கிலோ சில மணி நேரத்திலோ கரையும். 14 நாள் தொடர்ந்து செய்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கிறிஸ்துமஸ் டோர்னமென்ட் வரை நிற்காது. வளைவு மட்டும்தான் வேண்டுமென்றால் அதற்குக் காசே செலவில்லை. தினம் ஒருமுறை, 30 வினாடி, காலைத் திண்டில் நீட்டி வைத்து இடுப்பிலிருந்து குனிவது போதும். 30 வினாடியும் 60 வினாடியும் ஒரே பலன்தான் என்று பேண்டியும் ஐரியனும் 1994லேயே காட்டினார்கள். ஒன்று மட்டும்: மேட்ச் தொடங்கும் முன் நிமிஷக் கணக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அது அப்போதைக்குத் தசையின் பலத்தைக் குறைக்கும்.

இப்போது அந்த இரண்டாவது வரி. வளைந்தால் கிழியாதா?

ஐஸ்லாந்து, நார்வே கால்பந்து அணிகளில் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. வளைவுக்கான பயிற்சியைச் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயம் குறையவில்லை. தசை நீண்டுகொண்டே பலம் கொடுக்கும் பயிற்சியைச் சேர்த்த அணிகளில் குறைந்தது. டென்மார்க்கில் 2011இல் வந்தது இன்னும் பெரிது: 50 அணிகள், 942 ஆட்டக்காரர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி, பாதிப் பேருக்கு அதோடு ஒரே ஒரு உடற்பயிற்சி, 10 வாரத்தில் 27 தடவை. அதைச் செய்தவர்களுக்கு 15 காயம், செய்யாதவர்களுக்கு 52.

அந்த ஒரே ஒரு உடற்பயிற்சியின் பெயர் நார்டிக். எந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், நம் கடற்கரை மணலே போதும். பையன் முட்டி போட்டு நிமிர்ந்து நிற்பான். கூட்டாளி பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் மணலோடு அமுக்கிப் பிடிப்பான். முட்டியிலிருந்து தலைவரை ஒரே கோடாக, இடுப்பை மடக்காமல், மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் பின்தொடையால் தாக்குப்பிடித்து, முடியாத இடத்தில் கைகளால் மணலை ஏந்திக்கொள்ள வேண்டும். முதல் நாள் எல்லோரும் வெட்டுப்பட்ட தென்னை மாதிரி தொப்பென்று விழுவார்கள். விழட்டும். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை. இரண்டாவது வாரம் இரண்டு நாள், ஆறு ஆறாக. மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், மூன்று மூன்று தடவையாக, எண்ணிக்கையை மெல்ல ஏற்றி. ஆரம்பத்தில் இரண்டு நாளைக்குத் தொடை கடுக்கும், உட்கார்ந்து எழ முனகுவார்கள். அதற்குப் பயந்து நிறுத்தும் கிளப்தான் நான் பார்த்தவரை அதிகம். பிராக்டீஸ் முடிந்தபின் செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. இந்தப் பயிற்சி சில வாரத்தில் தசை நார்க்கற்றைகளை நிஜமாகவே நீளமாக்குகிறது. ஸ்கேனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நார்க்கற்றை குட்டையாக இருக்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வருகிறது என்று ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் செய்த ஆய்வு 2016இல் சொன்னது. ஆக, நீங்கள் உழிச்சிலிடம் கேட்கிற நீளம் இருக்கிறது. அது இந்த மணலில் இருக்கிறது.

ஏற்கெனவே ஒருமுறை கிழிந்த தொடைதான் மறுபடி கிழிய அதிக வாய்ப்புள்ள தொடை. இதை நான் பாடப் புத்தகத்தில் படித்ததை விட ஒரு பையனிடம் கற்றேன். 17 வயது, இடது விங்கில் ஆடுவான். ஈஸ்டர் டோர்னமென்டில் ஓடும்போதே 'டப்' என்று சத்தம் கேட்டதாகச் சொன்னான். அன்றைக்கு ராத்திரியே சூடான எண்ணெயில் அழுத்தித் தடவியிருக்கிறார்கள், மறுநாளும். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது பின்தொடை கத்தரிக்காய் நிறத்தில் முட்டிக்குப் பின்னால்வரை இறங்கியிருந்தது. உள்ளே கிழிந்து ரத்தம் கட்டிய இடத்தை அழுத்தித் தேய்த்தால் வேறென்ன ஆகும்?

இதோடு முடிந்திருந்தால் தடவியவர் தப்பு என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அடுத்த தப்பு என்னுடையது. அப்போது நான் தொழிலுக்கு வந்து மூன்றாவது வருஷம். வலி போனதும், முட்டியை மடக்காமல் கால் எவ்வளவு மேலே வருகிறது என்று தூக்கி அளந்தேன். "இரண்டு காலும் 80 டிகிரி, விளையாடலாம்" என்று நோட்டில் எழுதினேன். அவன் சந்தோஷத்தில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக் காட்டினான். பலம் எவ்வளவு வந்திருக்கிறது என்று நான் சோதிக்கவே இல்லை. ஊர்த் திருவிழா மேட்சில் இருபதாவது நிமிஷம் அதே இடம். அப்புறம் அவன் விங்கில் ஆடவில்லை. இப்போது ஆழ்கடலுக்குப் போகிறான். கரைக்கு வந்தால் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவான், ஒரு குறையும் சொன்னதில்லை. அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் காயத்துக்குப் பிந்தைய முதல் நாட்களில் அழுத்தித் தடவல் வேண்டாம், சூடு வேண்டாம், இழுத்து நீட்டுவது வேண்டாம். சவிட்டி உழிச்சில், அதுதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதிப்பது, அடிபட்ட காலுக்குக் கிட்டவே வரக்கூடாது. நல்ல காலிலும் முட்டிக்குப் பின் குழியில் முழு பாரத்தைப் போடக்கூடாது. ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே தோலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. நல்ல ஆசான்களுக்கு இது தெரியும். வர்மம் படித்தவர்களிடம் நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. எனக்குப் பயம், இரண்டு வார கோர்ஸ் முடித்துவிட்டு போர்டு மாட்டியிருப்பவர்களிடம்தான். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று தயவுசெய்து விசாரியுங்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முன்னே சொன்னேனே, உட்காரும் எலும்பு. வளரும் வயதில் அதன் நுனி முழுதாக ஒட்டியிருக்காது, நடுவில் குருத்தெலும்பு இருக்கும். பதின்மூன்று முதல் பதினேழு வரைக்கும் தசையை விட அந்த ஒட்டுதான் பலவீனம். வேகமாக உதைக்கும்போதோ ஓடும்போதோ தசை கிழிவதற்குப் பதில் எலும்புத் துண்டே பிய்ந்து வந்துவிடலாம். பார்ப்பதற்குப் பின்தொடைப் பிடிப்பு போலவே இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளையை மூன்று வாரம் 'நரம்பு சுருண்டிருக்கு' என்று சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கும். சத்தம் கேட்டது, நடக்க முடியவில்லை, உட்கார்ந்தால் அந்த எலும்பிலேயே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எண்ணெய் எங்கேயும் ஓடிப்போகாது.

'நரம்பு' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் தசையையும் நரம்பு என்போம், நாணையும் நரம்பு என்போம். நிஜமான நரம்பு ஒன்று, விரல் தடிமனில், பின்தொடை நடுவில் இறங்குகிறது. சிலருக்குக் கால் தூக்கவிடாமல் பிடிப்பது அதுதான். கண்டுபிடிப்பது சுலபம். காலை நீட்டித் தூக்கி இழுவை வரும் இடத்தில் நிறுத்துங்கள். தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி மடக்குங்கள், அல்லது தலையைத் தூக்கித் தாடையை நெஞ்சோடு சேர்க்கச் சொல்லுங்கள். இழுவை சட்டென்று கூடினால், கெண்டைக்கால்வரை சுரீர் என்று போனால், அந்தப் பிள்ளையை இன்னும் இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். முதுகையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கேஸ் அது.

இனி நான் கேட்பது. உழிச்சிலை ரத்து செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கடலும் மைதானமும் அடங்கிக் கிடக்கும்போது பிள்ளைகள் 14 நாள் எண்ணெய் பூசிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது போகக்கூடாது. ஆனால் அந்த 14 நாளில் மூன்று சாயங்காலம் மட்டும் கால் மணி நேரம் எனக்குத் தாருங்கள். அதற்குள் நார்டிக்கின் முதல் இரண்டு வாரம் முடிந்துவிடும். மீதி எட்டு வாரத்தை பி.டி. சார்கள் பள்ளியிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஒரு பீரியடில் கால்வாசி போதும். போன சீசனில் பிடித்த பையன்களின் பெயரை மட்டும் தனித் தாளில் எழுதி வையுங்கள். அவர்களை மைதானத்தில் இறக்கும் முன் குனிந்து தரையைத் தொடச் சொல்லாதீர்கள். முழு வேகத்தில் ஓடச் சொல்லுங்கள், திரும்பத் திரும்ப, இரண்டு மூன்று நாள்.

பிரிவுப் பணத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம். மிச்சம் வந்தால் பெண்பிள்ளைகள் டீமையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவில் 'பையன்கள்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறதாம்.

ஆடி முதல் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு, மழை இல்லையென்றால், நான் மணலில் இருப்பேன். அளக்கும் கருவியும் நோட்டும் கொண்டுவருகிறேன். ஆளுக்கொரு கூட்டாளியோடு வரச் சொல்லுங்கள், கணுக்காலைப் பிடிக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
குழித்துறைப் பக்கத்துப் பிசியோ